ஓடினால் கருப்பை இறங்காது, அம்மா!

இந்த மாதத்தில் இது மூன்றாவது. பள்ளி விட்டதும் ஓட்டமும் வீட்டுப்பாடமுமாக நடக்கும் சாயங்கால வகுப்பில், மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை மயங்கி விழுந்துவிட்டாள் என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளிறிக் கிடந்தது. ஹீமோகுளோபின் 8.4. குறைந்தது 12 இருக்க வேண்டும். நான் மாத்திரை எழுதி முடிப்பதற்குள் அம்மா தீர்ப்பே சொல்லிவிட்டார்: "வயசுக்கு வந்த புள்ள டாக்டரம்மா. ஓடினா கருப்பை எறங்கிரும்னு அப்பத்தா அன்னைக்கே சொல்லுச்சு. இனிமே அனுப்ப மாட்டேன்."

ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம் தொடங்கி தேவிபட்டினம் வரை இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. கருப்பையை இடுப்புத் தசைகளும் தசைநார்களும் தாங்கிப் பிடித்திருக்கின்றன. அது இறங்குவது பெரும்பாலும் பல பிரசவம் கண்டவர்களுக்கு, பேறுகாலத்தில் சிரமப்பட்டவர்களுக்கு, பிள்ளை பெற்ற கையோடு குடம் தூக்கியவர்களுக்கு. ஓடியதால் கருப்பை இறங்கிய ஒரு பள்ளிப் பிள்ளையைக்கூட நான் பார்த்ததில்லை. மாதவிலக்கு நாளிலும் ஓடலாம். வயிறு வலித்தால் அன்று உட்காரட்டும், அவ்வளவுதான். ஓட்டம் இந்தப் பிள்ளைக்கு ரத்தசோகையைக் கொடுக்கவில்லை, உள்ளே இருந்ததைக் காட்டிக்கொடுத்தது.

அந்த அம்மா தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிறவர். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முக்குளிக்கிறவர். "நீங்களும் வயசுக்கு வந்த பிறகும் கடலுக்குள்ள இறங்கினவங்கதானே?" என்றேன். பதில் இல்லை. மகளின் அவிழ்ந்த பின்னலை முடிந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் அந்தச் சாயங்கால வகுப்பை நேரில் போய்ப் பார்த்தேன். நாலரை மணிக்கு ஓட்டம். பிறகு குழாயடியில் கால் கழுவி, வராண்டாவில் பாய் விரித்து வீட்டுப்பாடம். பெரிய பிள்ளை ஒருத்தி சின்னவளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்கிறாள். வியர்வை சொட்டி நோட்டில் நீல மை கலங்குகிறது, துடைத்துவிட்டு மறுபடி எழுதுகிறாள். ஓட்டத்தை நிறுத்தினால் இந்தப் பாயும் போய்விடும். வீட்டில் அவளுக்குக் காத்திருப்பது தண்ணீர்க் குடமும் தம்பியும்.

காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். பாதிப் பேர் கடுங்காப்பி என்றார்கள். அரசின் காலை உணவு 5ஆம் வகுப்போடு முடிகிறது. ஆறாம் வகுப்பு வந்ததும் பசி நின்றுவிடுமா? விடிகாலையிலேயே அம்மா வேலைக்குப் போய்விட்டால் பிள்ளை வெறும் வயிற்றோடுதான் கிளம்புகிறாள்.

தயவுசெய்து பழைய சோறாவது கொடுத்தனுப்புங்கள். சாயங்காலம் ஓடுமுன் ஒரு கடலைமிட்டாய் போதும். வாரம் ஒன்று பள்ளியில் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சன்னல் வழியே எறியாதீர்கள், பெண்களே! சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள் டீ, காப்பி கூடாது. 6 மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை. முருங்கைக்கீரை வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறது. வெறுங்காலோடு ஓடவே கூடாது, கருவேல முள்ளும் சிப்பி ஓடும் கிடக்கிற மண் இது. 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டிடி ஊசியை (ரணஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பூசி) எத்தனை பேர் தவறவிடுகிறீர்கள்!

இந்தப் பிள்ளை ரத்தம் ஏறும்வரை ஓட வேண்டாம், வீட்டுப்பாடத்துக்கு மட்டும் போகட்டும் என்று சொல்லி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவர் இமையும் வெளிறித்தான் இருந்தது.