லெமன் ஒயிலும் திருகோணமலை வெயிலும்

வெயில் காலம் தொடங்கினால் எங்கள் பார்மசிக்கு ஒரு வகைத் தோல் பிரச்சினை வரும். கழுத்திலோ முன்கையிலோ ஏதோ ஒழுகி இறங்கியது போல ஒரு கறுப்புக் கோடு. "பங்கஸ் அக்கா, பூச ஒரு கிறீம் தாங்கோ" என்பார்கள். தேமல் இப்படிக் கோடு போட்டு வராது.

அப்படி வந்த ஒரு பிள்ளைக்குக் காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்பு வரை விரல் அகலத்தில் ஒரு பட்டை, நடுவில் வற்றிய கொப்புளம். கழுத்தில் ஏதும் பூசினீங்களோ என்று கேட்டேன். "சென்ட் மாதிரி லெமன் ஒயில் பூசிக்கொண்டு நிலாவெளிக் கடற்கரைக்குப் போனனான். அது இயற்கையானதுதானே அக்கா?"

இயற்கையானதுதான். வெயிலும் இயற்கையானதுதான்!

எலுமிச்சைத் தோலைப் பிழிந்து எடுக்கும் எண்ணெயில் பியூரானோகுமரின் என்ற வகைப் பொருட்கள் இருக்கின்றன. தோலில் அவை இருக்கும்போது வெயிலின் யூவிஏ கதிர் பட்டால் அந்த இடம் வெந்துவிடும். இது ஒவ்வாமை அல்ல, யாருக்கும் வரலாம். சிவப்பும் எரிவும் தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும்; அதற்குப் பிறகு வரும் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். முந்தாநாள் பூசிய எண்ணெயை யார் நினைத்துப் பார்ப்பார்கள்? மீனுக்குத் தேசிக்காய் பிழிந்த கையைக் கழுவாமல் வெயிலில் நின்றாலும் இதே கதைதான். தேசிக்காய்த் தோலைப் பிழிந்த எண்ணெய் இன்னும் கடுமை. பூசிக் கழுவாமல் விடும் பொருட்களில் லெமன் ஒயிலுக்கு 2 சதவீதமும் தேசிக்காய் எண்ணெய்க்கு 0.7 சதவீதமும்தான் சர்வதேச வாசனைப் பொருள் சங்கமான இஃப்ரா வைத்திருக்கும் உச்ச அளவு.

2 சதவீதம் என்றால் 30 மில்லிலீற்றர் தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 12 துளி. என்னைக் கேட்டால், பகலில் வெளியே போகிறவர்களுக்கு அதுவும் வேண்டாம். பூசியே ஆக வேண்டுமென்றால் இரவில் பூசுங்கள், குறைந்தது 12 மணித்தியாலம் அந்த இடத்தில் வெயில் படாமல் பாருங்கள். லேபிளில் 'ஸ்டீம் டிஸ்டில்ட்' (ஆவியில் வடித்தது) என்றிருந்தால் இந்தப் பயம் இல்லை. ஆவியோடு அந்தப் பொருட்கள் ஏறி வருவதில்லை. 'கோல்ட் பிரெஸ்ட்' (தோலைப் பிழிந்து எடுத்தது) என்றால்தான் கவனம்.

அடுத்தது பழைய போத்தல். லெமன் ஒயிலில் பெரும்பங்கு லிமோனீன். காற்றுப் பட்டுப் பட்டு அது மாறும்போது உருவாகும் பொருட்கள் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும். எங்கள் ஊர்ச் சூட்டில் ஜன்னலோரம் பாதிப் போத்தலாக நிற்பது சீக்கிரம் கெட்டுவிடும். கடும்நிறக் கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி, பிரிட்ஜ் கதவில் வையுங்கள். டர்பன்டைன் வாடை அடித்தால் தோலுக்கு ஆகாது.

அப்போ இதனால் பயனே இல்லையா? இருக்கிறது. புதுப் போத்தலில் ஒட்டிய ஸ்டிக்கர் பசையை இதைப்போல வேறொன்று எடுக்காது. ரெஜிபோமில் ஒரு துளி விட்டுப் பாருங்கள், அந்த இடம் கரைந்து குழி விழும். அதனால் பிளாஸ்டிக் கப்பில் கலக்காதீர்கள், எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பருகிலும் வைக்காதீர்கள். மணம் பலருக்குப் பிடிக்கும். கர்ப்பகாலக் குமட்டல் லெமன் மணத்தை முகர்ந்ததும் கொஞ்சம் குறைந்ததாக ஈரானில் நடந்த ஓர் ஆய்வு 2014இல் வந்தது. வீட்டில் ஆஸ்துமாக்காரரோ பூனையோ இருந்தால் மணத்தைக் காற்றில் பரப்பும் டிஃபியூசர் போடாதீர்கள். பூனையின் ஈரலுக்கு இதைச் சமாளிக்கத் தெரியாது.

வெறும் வயிற்றில் தண்ணீரில் இரண்டு துளி விட்டுக் குடிக்கச் சொல்லும் வீடியோக்களைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே மிதந்து தொண்டையையும் வயிற்றையும் எரிக்கும். விற்றமின் சி சாற்றில்தான் இருக்கிறது, இந்த எண்ணெயில் இல்லை. சின்னப் பிள்ளை போத்தலை எடுத்துக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். திரும்பி வரும் எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அதுதான் பெரிய ஆபத்து. 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள், அல்லது நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போத்தலையும் கையோடு கொண்டுபோனால் என்ன எண்ணெய், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று டொக்டருக்கு உடனே தெரியும்.