போத்தல் கண்ணாடி வேறு, ரீவிக் கண்ணாடி வேறு

மாங்குளம் பக்கம் ஒருவர் தன் மருந்துக்கடைக்குப் பின்னால் எக்ஸ்றே அறை கட்டிக்கொண்டிருந்தார். இருபது வருடமாக எக்ஸ்றே எடுத்துப் பிழைப்பவன் என்பதால் ஒருக்கால் வந்து பார்க்கச் சொன்னார். சுவர் பரவாயில்லை. ஆனால் இயந்திரத்தை இயக்குபவர் நோயாளியைப் பார்க்கும் ஜன்னலில் சாதாரண 12 மில்லிமீற்றர் கண்ணாடி!

"நல்ல மொத்தக் கண்ணாடி சேர், கல்லெறிஞ்சாலும் உடையாது" என்றார் மேசன். கல்லுக்கு அது தாங்கும். எக்ஸ்றேக் கதிரில் ஏறத்தாழப் பாதி அதற்குள்ளால் வந்துவிடும். 1 மில்லிமீற்றர் ஈயத் தகடு தடுப்பதைச் சாதாரணக் கண்ணாடி தடுக்க 8, 9 சென்ரிமீற்றர் மொத்தம் வேண்டும்.

கடைக்காரர் விடவில்லை. "பழைய போத்தலை உருக்கியே கதிர் தடுக்கிற கண்ணாடி செய்யிறாங்களாம், யூரியூப்பில பாத்தனான்." அவர் பார்த்தது பொய்யில்லை, பாதிதான். போத்தல் கண்ணாடியில் எழுபது வீதத்துக்கு மேல் மணல்தான். மீதி பெரும்பாலும் சோடாவும் சுண்ணாம்பும். எல்லாம் இலேசான அணுக்கள். எக்ஸ்றேயை விழுங்குவதற்குக் கனமான அணு வேண்டும். ஆகவே ஆய்வுகூடங்களில் போத்தல் தூளோடு பிஸ்மத், பேரியம் போன்ற கனமான உலோகங்களின் ஒட்சைட்டைச் சேர்த்து உருக்குகிறார்கள். கதிரைப் பிடிப்பது அந்தச் சேர்க்கை. போத்தல் அதைத் தாங்கும் உடம்பு மட்டுமே. பிஸ்மத்துக்கு ஈயத்தின் அளவு நஞ்சும் இல்லை.

கொங்கிறீற்றில் மணலுக்குப் பதிலாகப் போத்தல் தூள் போடுவது இன்னொரு வழி. ஒரு கன சென்ரிமீற்றர் கண்ணாடி 2.5 கிராம், கொங்கிறீற்று ஏறத்தாழ 2.4 கிராம். தடுப்பு பெரிதாகக் கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. ஆற்று மணல் மிஞ்சும். வன்னியில் அதுவே பெரிய காரியம். ஆனால் கண்ணாடியைப் பருக்கனாகப் போட்டால் சீமெந்தின் காரத்தோடு சேர்ந்து நாளடைவில் ஊதிச் சுவரை வெடிக்க வைக்கும். மாவாக அரைத்தால் அந்தத் தொல்லை குறைவு. வீட்டுச் சுவர் வெடித்தால் பூசிவிடலாம். எக்ஸ்றே அறைச் சுவர் வெடித்தால் கதிருக்கு வழி.

சரி, ஈயம் உள்ள கழிவுக் கண்ணாடியே கிடையாதா? இருக்கிறது, உங்கள் வளவிலேயே இருக்கக்கூடும். பழைய பெட்டி ரீவியின் குழாய்க்குள் எலெக்ரோன்கள் 25,000 வோல்ற்று அளவில் பாய்ந்து திரையில் மோதும்போது கொஞ்சம் எக்ஸ்றே பிறக்கும். அதைத் தடுக்கத்தான் குழாயின் பின்பக்கப் புனல் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஒட்சைட்டு சேர்த்தார்கள். முன்திரையில் பேரியமும் ஸ்ரொன்சியமும். கதிர்த் தடுப்புக்கு மீளப் பயன்படுத்த ஆய்வாளர்கள் தேடும் கழிவு இதுதான்.

இங்கே அதற்கு நடப்பது வேறு. செப்புக் கம்பிக்காகக் குழாயை உடைத்து, கம்பியைப் பழைய இரும்புக்காரருக்கு விற்றுவிட்டு, கண்ணாடியைக் கிணற்றடிக் குப்பைக் கிடங்கில் கொட்டுகிறோம். உடைந்த துண்டுகளிலிருந்து ஈயம் மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கும். சின்னப் பிள்ளைகளுக்கு ஈயம் மூளையைத் தாக்கும். ரீவி பழுதானால் குழாயை உடைக்காமல் முழுதாக வையுங்கள். இலத்திரனியல் கழிவு சேர்க்கும்போது அப்படியே கொடுங்கள்.

மேசனுக்கும் இதைச் சொன்னேன். "அப்ப ரீவிக் கண்ணாடியையே ஜன்னலுக்குப் போடுவமே சேர்?" என்றார். கெட்டிக்காரன். ஆனால் எத்தனை மில்லிமீற்றர் ஈயத்துக்குச் சமம் என்று அளந்து எழுதிக்கொடுத்த கண்ணாடிதான் ஜன்னலுக்கு ஏறலாம். இலங்கையின் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டப்படி எக்ஸ்றே இயந்திரத்துக்கு உரிமமும் வேண்டும்.

கடைக்காரர் ஈயக் கண்ணாடிக்குச் சொல்லிவிட்டார். கழற்றிய 12 மில்லிமீற்றர் கண்ணாடி இப்போது மருந்துக்கடை மேசைக்கு மேல் கிடக்கிறது.