கொடிகாமத்துக்கு அடுத்த பஸ் எப்போது?

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டால் பதில் சொல்லும் ஒரு சின்ன இணையச் சேவையை பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதுவது கடினமே இல்லை. ஒரு கேள்வி எழுத்தாக வருகிறது, ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு, ஓடுகிறது, பதிலும் எழுத்தாகவே போகிறது. அவ்வளவுதான். இணையச் சேவை எழுத உதவும், 2010இல் வெளிவந்த பிளாஸ்க் என்ற பைத்தான் தொகுதியைத் துணைக்கு வைத்துக்கொண்டால் பத்துப் பதினைந்து வரிகள் போதும். ஊர்ப் பெயருக்கு எதிரே நேரங்களை எழுதிய ஒரு பட்டியல். முகவரியின் கடைசித் துண்டை ஊர்ப் பெயராக எடுத்து அதில் தேடும் ஒரு ஃபங்ஷன். ஊர் இருந்தால், 'சரி' என்று பொருள்படும் 200 என்ற எண்ணோடு நேரங்கள் ஜேசன் என்ற தரவு வடிவில் போகும். இல்லாவிட்டால் 404, அதாவது 'கிடைக்கவில்லை'. ஓடவிட்டதும் கணினியின் 5000ஆம் போர்ட்டில், அதாவது அந்த எண் கொண்ட இணைப்பு வாசலில், கேள்விக்காகக் காத்திருக்கும்.

சரி, பலர் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். தமிழில் கேட்டுப் பார்க்க வேண்டும். நம் சனம் தமிழில்தான் கேட்கும்.

'கொடிகாமம்' நமக்கு 5 எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் அது 9 குறியீடுகள், ஏனென்றால் மெய்யும் அதன்மேல் ஏறும் குறியும் தனித்தனி. அந்தக் குறியீடுகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், ஆக 27. முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக விரிந்து 81 ஆகிவிடும். இதையெல்லாம் பிளாஸ்க் தானே மறுபடி தமிழாக்கித் தரும்.

அது தராதது ஒன்று உண்டு. 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு 'ொ' என்ற ஒரே குறி, அல்லது 'ெ', 'ா' என்று இரண்டு குறிகள். திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. பைத்தானோ குறியீடுகளைத்தான் ஒப்பிடும். 9 குறியீடும் 10 குறியீடும் எப்படிச் சமமாகும்? பட்டியலில் ஊர் இருந்தும் 404 வரும். யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் கிடந்த பழைய நேர அட்டவணையை யூனிகோடுக்கு மாற்றும்போது இப்படி ஆகிவிடலாம். கோப்பாய், கோண்டாவில், கொக்குவில் எல்லாமே மாட்டும்.

இதற்கு மருந்து பைத்தானுக்குள்ளேயே இருக்கிறது. யூனிகோட்டேட்டா என்ற தொகுதியின் நார்மலைஸ் ஃபங்ஷனிடம் என்எஃப்சி என்ற சேர்த்தெழுதும் வடிவம் கேட்டால் இரண்டையும் ஒரே குறியாக்கிவிடும். வருகிற பெயருக்கு மட்டும் செய்தால் போதாது, பட்டியலில் உள்ள பெயர்களுக்கும் செய்ய வேண்டும். அப்புறம், பெயரின் முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் வெற்றிடத்தையும் வெட்டிவிடுங்கள். போனில் தட்டச்சு செய்பவர்களுக்கு அது அடிக்கடி சேர்ந்துவிடும்.