பிளவு: பத்துக்கட்டை பவுலிங்கில் ‘ஸ்பிளிட்’

பத்துக்கட்டை பவுலிங்கில் தடத்தின் கடைசியில் பத்துக் கட்டைகள் முக்கோணமாக நிற்கும்; பந்தை உருட்டி அவற்றை வீழ்த்த வேண்டும். முன்னால் தனியாக நிற்கும் 1தான் தலைக்கட்டை. அதன் பின்னால் 2-3, 4-5-6, 7-8-9-10 என்று இடமிருந்து வலமாக எண்ணுவார்கள். முதல் பந்து போன பிறகு தலைக்கட்டை விழுந்து, மிச்சக் கட்டைகள் நடுவே இடம் விட்டு எட்ட எட்ட நின்றால் அதுதான் ஸ்பிளிட். மதிப்பெண் எழுதும்போது, விழுந்த கட்டைகளின் எண்ணிக்கையைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார்கள்.

விதிப்படி தலைக்கட்டை விழுந்திருப்பது கட்டாயம். அதோடு, நிற்கும் கட்டைகளுக்கு இடையே ஒன்றாவது விழுந்திருக்க வேண்டும். 7-9, 3-10 அப்படிப்பட்டவை. இல்லாவிட்டால், அடுத்தடுத்து நிற்கும் இரண்டுக்கும் நேர் முன்னே இருந்தது விழுந்திருக்க வேண்டும். 5-6 அந்த வகை. தலைக்கட்டை நின்றுவிட்டால், 1-2-10 எவ்வளவு அகலமாகக் கண்ணுக்குப் பட்டாலும் ஸ்பிளிட் ஆகாது. அதற்கு ‘வாஷ்அவுட்’ என்று வேறு பெயர் உண்டு.

இங்கே ஆங்கிலத்தில் சொல்வதுபோல ‘பின்’ (pin) என்று எழுதாமல் ‘கட்டை’ என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ‘பின்னுக்குப் பின் நிற்கும் பின்’ என்று எழுதினால் தமிழில் ஒன்றுமே விளங்காது. மேப்பிள் மரத்தில் கடைந்து மேலே பிளாஸ்டிக் பூசிய பொருளுக்குக் கட்டை என்பதே பொருந்துகிறது.

ஸ்பிளிட் என்ற சொல் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் டச்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. கப்பல் பாறையில் மோதி உடைவதைச் சொல்லத்தான் முதலில் அதை ஆண்டார்கள். நமக்கு ‘பிள’ என்ற வினை இருக்கிறது. விறகைப் பிளக்கிறோம், வெற்றிலைத் தட்டில் பாக்குப் பிளவு வைக்கிறோம். ‘பிரிவு’ என்று சொன்னால் என்ன என்று தோன்றலாம். பிரிவதற்கு வெளியிலிருந்து எதுவும் வரவேண்டியதில்லை, தானாகவே பிரியலாம். பிளவு உண்டாக நடுவில் ஒன்று புகவேண்டும். விறகில் ஆப்பு இறங்குவதும் கட்டைகளுக்குள் பந்து இறங்குவதும் ஒரே வேலை. ஆகவே பிளவு என்பதையே எடுத்துக்கொள்ளலாம்.

அந்த ஆப்பு வேலையை அளவோடு பார்த்தால் சொல்லின் பொருத்தம் இன்னும் தெளிவாகும். ஒரு கட்டையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை 12 அங்குலம். கட்டையின் உயரம் 15 அங்குலம், வயிறு பருத்த இடத்தில் விட்டம் 4¾ அங்குலம். பந்தின் விட்டம் ஏறத்தாழ 8.6 அங்குலம். கட்டையின் நடுவும் பந்தின் நடுவும் 6.7 அங்குலத்துக்கு நெருங்கும்போது இரண்டும் தொடும். தொட்ட கணத்தில் இரு நடுக்களையும் சேர்க்கும் கோட்டின் திசையிலேயே கட்டை பாயும். பிளவு ஏன் விழுகிறது, மிச்சக் கட்டைகளை இரண்டாம் பந்தில் ஏன் எடுக்க வரவில்லை என்ற இரண்டுக்கும் விடை இந்த ஒரு விதியில்தான் இருக்கிறது.

பந்து தலைக்கட்டையின் மூக்கிலேயே மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைக்கட்டை நேர் பின்னால் போய் 5ஐ அடிக்கும். தொடர்ந்து வரும் பந்து 2க்கும் 3க்கும் நடுவே நுழையும். பந்தின் நடுவிலிருந்து அவை பக்கத்துக்கு 6 அங்குலம் தள்ளி நிற்கின்றன. தொடும் தூரமோ 6.7. ஆகவே 2, முன்நோக்கிய திசையிலிருந்து சுமார் 64 பாகை சாய்ந்து பக்கவாட்டில் ஓடும். 4 நிற்பதோ 30 பாகையில். ஓடும் 2, 4இன் முன்புறமாக ஆறரை அங்குலத்துக்கும் மேல் விலகிக் கடந்துவிடும். இரண்டும் இடிக்க வேண்டுமானால் அந்த விலகல் 4¾ அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். மறுபக்கம் 3க்கும் 6க்கும் இதே கதை. நடு முழுக்கக் காலியாகி, 4-6-7-10 நான்கும் அசையாமல் நிற்கும். பார்க்கிறவர் ‘நடுவிலேதானே போட்டார்!’ என்பார். நடுவில் போட்டதால்தான் பிளந்தது.

அதனால்தான் வலக்கை ஆட்டக்காரர் 1க்கும் 3க்கும் இடையிலுள்ள ‘பாக்கெட்’டைக் குறிவைக்கிறார். அங்கே ஏறத்தாழ 6 பாகைச் சாய்வில் பந்து நுழைந்தால் 1, 3, 5, 9 நான்கை மட்டும் பந்து தொடும். மிச்ச ஆறையும் கட்டைகளே ஒன்றையொன்று தள்ளிச் சாய்க்கும்.

ஆனால் பாக்கெட்டில் விழுந்தும் பிளவு வரும். அது வேறு நோய். பந்து சாய்வில்லாமல் தட்டையாக வந்தாலோ, எடை குறைவாக இருந்தாலோ, கட்டைகளில் மோதி வலப்பக்கம் ஒதுங்கிவிடும். 5ஐ மெல்ல உரசினால் 5 அதிகமாக இடப்பக்கம் பாய்ந்து 8இன் முன்னால் கடந்துபோகும். 6ம் அதேபோல 10இன் முன்னால் சுற்றிப்போனால் மிஞ்சுவது 8-10. இன்னும் ஒதுங்கி 5ஐத் தொடாமலே போனால் 5-7, அல்லது 5-7-10. இந்தப் பிளவுகளில் ஆப்பு என்று எதுவும் இல்லை. சொல் இங்கே நிலையை மட்டும் குறிக்கிறது, காரணத்தைக் குறிக்கவில்லை. திருத்தமும் எதிர்த்திசையில் வேண்டும். தடத்தில் பூசிய எண்ணெய் காய்ந்து, பந்து முன்கூட்டியே வளைந்து மூக்கில் மோதத் தொடங்கினால், வலக்கை ஆட்டக்காரர் பாதத்தைத் தடத்தின் பலகைக் கணக்கில் இரண்டு பலகை இடப்பக்கம் நகர்த்தி, குறியை ஒரு பலகை நகர்த்திப் பார்ப்பார். ஒதுங்கல் பிளவுக்கு அதே மருந்தைக் கொடுத்தால் நோய் முற்றும்.

இனி, பிளவை இரண்டாம் பந்தில் எடுப்பது. 5-6இல் இரண்டுக்கும் நடுவே உள்ள வெற்றிடம் 7¼ அங்குலம்தான்; பந்து அதைவிடப் பெரிது, நேரே விட்டால் இரண்டையும் தொடும். 3-10, 2-7 ஆகியவற்றில் பக்கவாட்டு இடைவெளி 12 அங்குலம். பந்து ஒன்றை உரசிக்கொண்டு மற்றதை அடிக்க 13.4 வரை இடம் இருக்கிறது. ஆகவே இவற்றைக் ‘குட்டிப் பிளவு’ எனலாம். ஆங்கிலத்திலும் ‘பேபி ஸ்பிளிட்’தான். 4-10இல் 4ஐ 71 பாகையில் சறுக்கவிட வேண்டும். பந்து படக்கூடிய இடத்தின் அகலம் முக்கால் அங்குலத்துக்கும் குறைவு.

ஒரே வரிசையில் நிற்பவைதான் கொடியவை: 4-6, 8-10, 7-10. ஒன்றை மற்றதன் மேல் தள்ள 90 பாகை வேண்டும். அந்தக் கோணத்தில் பந்து கட்டையை உரசத்தான் முடியும். தள்ளும் விசை துளியும் மிஞ்சாது. அடிபட்ட கட்டை பக்கச் சுவரிலோ பின்திரையிலோ மோதித் திரும்பி வந்து மற்றதை வீழ்த்தினால்தான் உண்டு. 36 அங்குலம் தள்ளி நிற்கும் 7-10ஐத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான தொழில்முறைப் போட்டியில் முதலில் எடுத்தவர் மார்க் ராத், 1980 ஜனவரியில். 1991இல் ஜான் மாஸா, ஜெஸ் ஸ்டேரூக் இருவரும், 2021இல் அந்தோணி நியூயரும் எடுத்தார்கள். அமெரிக்கர்கள் இதற்கு வைத்த பட்டப்பெயர் தமிழுக்கு அப்படியே வரும்: கட்டில்கால்.