முதுகை நிமிர்த்தினா வாந்தி ஏன் வருது?

ஸ்கோலியோசிஸ்னு சொல்ற முதுகெலும்பு வளைவு ரொம்ப அதிகமா இருந்தா டீன் ஏஜ்லயே ஆபரேஷன் பண்ணி, ஸ்க்ரூ, ராடு எல்லாம் போட்டு நிமிர்த்திடுவாங்க, எழுந்து நிக்கும்போது ஆளே கொஞ்சம் வளர்ந்த மாதிரி இருக்கும். சில பேருக்கு பிரச்சனை முதுகுல இல்ல, வயித்துல ஆரம்பிக்கும்.

முதல் ரெண்டு மூணு நாள் வயிறு உப்பலா இருக்கறது, கேஸ் பிரியாம இருக்கறது எல்லாம் சகஜம்தான். மயக்க மருந்துல குடல் அசைவு நின்னுடுது. சிறுகுடல் ஒரு நாளுக்குள்ள முழிச்சுக்கும், பெருங்குடல்தான் மூணு நாள் வரைக்கும் இழுக்கும். போதாக்குறைக்கு வலிக்கு குடுக்கற மார்ஃபின் வகை மருந்துங்க குடலையும் சேர்த்தே மந்தமாக்கிடும், அதான் மலச்சிக்கல்.

ஆனா குடல் ஓட ஆரம்பிச்சு, சாப்பிடவும் ஆரம்பிச்ச பிறகு, சில சமயம் ஒரு வாரம் கழிச்சுக்கூட, ரெண்டு வாய்லயே வயிறு ரொம்பி பச்சையா வாந்தி வந்தா அது வேற கதை. இதைப் போய் மாத்திரை ஒத்துக்கலன்னு விட்டுடறதுதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது. பச்சை நிறம்னா பித்தநீர், அப்போ அடைப்பு பித்தநீர் வந்து சேர்ற இடத்துக்கும் கீழ இருக்கலாம்னு அர்த்தம்.

அங்க என்ன இருக்குன்னா, இதயத்துலேர்ந்து வர்ற பெரிய ரத்தக்குழாயான அயோர்ட்டா முதுகெலும்பை ஒட்டி கீழ இறங்குது, அதுலேர்ந்து குடலுக்கு ரத்தம் கொண்டு போற எஸ்எம்ஏ தமனி முன்பக்கமா சாய்வா கிளம்புது, இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் சிறுகுடலோட முதல் பாகமான டியோடினம் குறுக்கே போகுது. சாதாரணமா இடைவெளி 10லேர்ந்து 28 மில்லிமீட்டர், அதையும் தாங்கிப் பிடிக்கறது ஒரு கொழுப்பு மெத்தைதான். முதுகை நிமிர்த்தினதும் உடம்பு நீளுது, தமனி கிளம்பற இடம் மேல போகுது, கோணம் சுருங்குது, இடைவெளி 8 மில்லிமீட்டருக்கும் கீழ போச்சுன்னா டியோடினம் கத்தரிக்கோல்ல மாட்டின மாதிரி நசுங்கிடும். ஒல்லியா உயரமா இருக்கற பசங்களுக்கு ரிஸ்க் அதிகம், அந்த மெத்தையே அவங்களுக்கு மெல்லிசு. அதுலயும் ஆபரேஷனுக்கப்புறம் சரியா சாப்பிடாம எடை குறைஞ்சா இன்னும் மோசம். அந்தக் காலத்துல ஆபரேஷனே இல்லாம உடம்பைச் சுத்தி மாவுக்கட்டு போட்டவங்களுக்கும் இதே தொல்லை வந்திருக்கு.

சிடி ஸ்கேன்ல தெரிஞ்சுடும். மூக்கு வழியா டியூப் விட்டு வயித்தைக் காலி பண்ணி, வாந்தில போன உப்பு, பொட்டாசியம் எல்லாத்தையும் டிரிப்ஸ்ல ஈடு பண்ணுவாங்க, அப்புறம் இன்னொரு மெல்லிய டியூபை அடைப்பைத் தாண்டி இறக்கி அது வழியா சாப்பாடு. இடது பக்கம் சாய்ஞ்சு படுத்தா அழுத்தம் கொஞ்சம் குறையும். எடை ஏற ஏற கொழுப்பு திரும்பி வந்து வழி தானா விட்டுடும், பெரும்பாலான பசங்களுக்கு இதுவே போதும். இதுக்கும் மசியலன்னாதான் டியோடினத்தை அடுத்த குடல் பகுதியோட நேரா இணைச்சு பைபாஸ் பண்ணுவாங்க.