பட்டி பார்த்தால் கீல் ஒட்டிக்கொள்ளாது

இந்த வருஷத்தில் இது மூன்றாவது படகு. மூன்றிலும் ஒரே கதை: அடியில் கீல் சேரும் இடத்தில் விரிசல் தெரிந்தது, யாரோ பட்டி பார்த்தார்கள், மேலே பெயிண்ட் அடித்தார்கள், படகு திரும்பவும் கடலுக்குப் போனது. காசிமேட்டில் இத்தனை வருஷமாக ஃபைபர் வேலை செய்கிறேன். இதை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்வது என்றுதான் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கீல் என்றதும் தார் என்று நினைத்துவிடாதீர்கள். பாய்ப்படகின் அடியில் மீனின் துடுப்பு மாதிரி இறங்கி நிற்குமே, அந்த இரும்பு அல்லது ஈயப் பாளம். நம் மர விசைப்படகில் அடியில் நீளமாக ஓடும் ஏராக்கட்டை படகோடு பிறந்தது, முதுகெலும்பு மாதிரி. பாய்ப்படகில் பெரும்பாலும் அப்படி இல்லை. கீலைத் தனியாக வார்த்து, ஃபைபர் அடியில் ஓட்டை போட்டு, போல்ட்டும் நட்டும் வைத்து மாட்டியிருப்பார்கள். பல படகுகளில் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு துண்டுதான். காற்றில் படகு சாயும்போது அதை நிமிர்த்துவதும் அதுதான். அதைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்தச் சில போல்ட்டுகளும் அவை மாட்டியிருக்கிற ஃபைபரும். இடுக்கை அடைக்கும் சீலன்ட் பசை அல்ல, பட்டி அல்ல, பெயிண்ட் நிச்சயமாக அல்ல.

போன வாரம் வந்த படகின் சொந்தக்காரர் நல்ல மனிதர், படகைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்பவர். பில்ஜில், அதாவது படகின் உள்ளே அடிக்குழியில், தண்ணீர் நிற்கிறதே சார் என்றேன். "மழைத் தண்ணி மாஸ்டர், ரெண்டு மாசம் முன்னாடிதான் எல்லாம் அடைச்சோம்" என்றார். விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது. அப்புறம் கிரேனில் பெல்ட் கட்டித் தூக்கச் சொன்னேன். தூக்கியதும் கீலின் முன்பக்கம், இணைப்புக் கோட்டில், புதுப் பெயிண்ட் பிளந்து ஒரு ரூபாய் நாணயம் நுழைகிற அளவுக்கு வாய் திறந்தது. கீழே இறக்கி நிறுத்தியதும் மூடிக்கொண்டது. இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். படகு ஸ்டாண்டில் கீல் மேல் உட்கார்ந்திருக்கும்போது எடை அழுத்தி இடைவெளி மூடியிருக்கும். தொங்கும்போதுதான் உண்மை தெரியும்.

நட்டுகளைக் கழற்றினோம். பார்வைக்குப் பளபளவென்று இருந்தன. கீலை இறக்கிப் பார்த்தால், இணைப்பு இருந்த உயரத்தில் மட்டும் போல்ட்டைச் சுற்றி நண்டு கொறித்த மாதிரி குழி. மேலே என் கட்டைவிரல் கனம், நடுவில் பென்சில் கனம்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. "எஸ்.எஸ். போல்ட் மாஸ்டர், துருப் பிடிக்காது." எஸ்.எஸ். என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நம் எவர்சில்வர். துருப் பிடிக்காது என்று யார் சொன்னது? உங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர் துருப் பிடிக்காததற்குக் காரணம், அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம். அதில் உள்ள குரோமியமும் காற்றில் உள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்து உண்டாக்கியது. கீறினாலும் காற்றுப் பட்டால் தானே திரும்ப உண்டாகிவிடும். கீல் இணைப்புக்குள் காற்று எங்கே இருக்கிறது? சீலன்ட் விட்டுப்போன இடத்தில் உப்புத் தண்ணீர் புகுந்து, வெளியே போகாமல் தேங்கி, அதில் இருந்த கொஞ்சம் ஆக்ஸிஜனும் தீர்ந்துபோனால் படலம் சாகிறது, உப்பு உள்ளே தின்ன ஆரம்பிக்கிறது. சாதாரண 304 ரக ஸ்டீல் மட்டுமல்ல, உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 ரகம் போட்டாலும் அந்த இடுக்கில் நிரந்தரப் பாதுகாப்பு இல்லை. வெளியே பட்டி பூசினால் என்ன ஆகும்? உள்ளே போன தண்ணீரை மூடி போட்டு அடைத்து வைத்ததுபோல் ஆகும். எம்-சீல் குடத்து ஓட்டைக்கு நல்ல மருந்துதான், அதற்காகக் கீலுக்குமா?

2014 மே மாதம் அட்லாண்டிக்கில் சீக்கி ரஃபிகி என்ற சுமார் 12 மீட்டர் பாய்ப்படகு கீல் கழன்று கவிழ்ந்தது. அதிலிருந்த நான்கு பேரும் வீடு திரும்பவில்லை. முன்பு தரைதட்டியதும், அதற்காகச் செய்த ரிப்பேர்களும் அடிப்பாகத்தைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்று பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை சொன்னது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நம் கரையெங்கும் கடலுக்குள் நீளும் கருங்கல் தடுப்புகள், தூண்டில் வளைவுகள். இடித்துவிட்டு "லேசாத்தான் பட்டுச்சு" என்று வருகிறார்கள். முன்னால் இடித்தால் கீலின் பின்நுனி மேல்நோக்கிக் குத்தும். அதனால் இடித்த இடத்தை மட்டும் பார்க்காதீர்கள், உள்ளே பின்பக்கத் தரையையும் குறுக்குச் சட்டங்களையும் பாருங்கள், நாணயத்தால் தட்டிக் கேளுங்கள். ணங் என்றால் சரி, மந்தமாகக் கேட்டால் ஃபைபர் விட்டிருக்கிறது.

வேலை என்று வந்தால் கீலை இறக்கித்தான் ஆக வேண்டும். ஒரு போல்ட் தேய்ந்திருந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள், மீதியும் அதே தண்ணீரில்தான் ஊறியது. இரும்புக் கீலைத் துரு போய் வெள்ளையாகும்வரை தேய்த்தால் அன்றே எபாக்ஸி பிரைமர் அடியுங்கள். நம் கடற்காற்றில் மறுநாள் காலை செம்மண் நிறமாகியிருக்கும். பழைய சிலிக்கான் இருந்தால் துளிகூட விடாமல் எடுங்கள், அதன் மேல் வேறு எதுவும் பிடிக்காது. தண்ணீருக்குக் கீழே சிலிக்கான் போடவே போடாதீர்கள், படகுக்கென்று வரும் பாலியூரித்தேன் அல்லது பாலிசல்ஃபைடு சீலன்ட் போடுங்கள். ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் வளையமாக வைத்து, நாலு பக்கமும் பிதுங்கி வருகிற அளவுக்குத் தாராளமாக. கஞ்சத்தனம் செய்ய இது இடமில்லை. நட்டுக்கு அடியில் சின்ன வாஷர் போதாது, அகலமான பிளேட் வையுங்கள். முறுக்குவது படகு செய்த கம்பெனி சொன்ன அளவில், முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால். கைக்கணக்கு வேண்டாம். மேலே காய்ந்துவிட்டதே என்று மறுநாளே தண்ணீரில் இறக்காதீர்கள், உள்ளே காய நாளாகும். இறக்கிக் கொஞ்ச நாள் ஓட்டிய பிறகு முறுக்கை இன்னொரு தடவை சரிபாருங்கள்.

வேலை செய்யும் தம்பிகளே, கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஓட்டை நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கீலுக்கும் படகுக்கும் நடுவில் விரலை விடாதீர்கள். கம்பி விட்டுப் பாருங்கள். பெல்ட் நழுவ ஒரு நொடி போதும்.

படகு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ரிப்பேர் முடிந்ததும் பழைய போல்ட்டுகளைக் கேட்டு வாங்குங்கள், துடைத்து, கையில் எடுத்து, நடுப்பகுதியைத் தடவிப் பாருங்கள். கொடுக்க முடியாது, குப்பையில் போட்டாச்சு என்று மெக்கானிக் சொன்னால், கீலை அவர் இறக்கவே இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.