இரண்டு காலும் தரையில் பதிகிறதா?

சைக்கிள் வாங்கியதும் எல்லோரும் செய்கிற சோதனை இது. சீட்டில் உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில் பதிகிறதா என்று பார்ப்போம். பதிந்துவிட்டால் உயரம் சரி. நானும் பல வருடம் அப்படித்தான் ஓட்டினேன். முட்டி வலித்தபோது வயதைத்தான் நொந்துகொண்டேனே தவிர, சீட்டின் மேல் சந்தேகமே வரவில்லை.

அளந்து பார்த்தால் விஷயம் விளங்கும். பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளில் பெடல்கள் சுற்றும் அச்சு தரைக்கு மேல் ஏறத்தாழ 27 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. பெடலை அந்த அச்சோடு இணைக்கும் கை, அதாவது கிராங்கின் நீளம் சுமார் 17 செ.மீ. ஆக, பெடல் முழுக்கக் கீழே வந்தாலும் தரைக்கும் அதற்கும் 10 செ.மீ. இடைவெளி. பாதம் தரை வரை எட்டுகிற சீட்டில், பெடலை மிதிக்கும்போது கால் ஒருமுறைகூட நீள வழியில்லை. முட்டி எந்நேரமும் மடங்கியே உழைக்கிறது.

மடங்கினால் என்ன? கம்பத்தின் மேல் வளைத்துப் போட்ட கயிற்றை இழுத்துப் பாருங்கள். வளைவு கூடக்கூடக் கயிறு கம்பத்தை இறுக்கும். தொடையின் முன்தசை கயிறு என்றால், முட்டிச்சில்லு அதற்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. குட்டை ஸ்டூலிலிருந்து எழும்போது முட்டி முனகுவது இதனால்தான். சைக்கிளில் அப்படி எழுந்திருப்பது நிமிடத்துக்கு அறுபது, எழுபது தடவை நடக்கிறது.

சரியான சீட் உயரத்தைக் கண்டுபிடிக்க, சுவரில் கை ஊன்றிச் சீட்டில் உட்காருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. ஓட்டும்போது பெடலில் இருக்கப்போவது முன்பாதம் என்பதால், முட்டியில் 25 முதல் 35 டிகிரி மடக்கம் தானாக அமைந்துவிடும். மிகவும் உயர்த்தினால் இடுப்பு இருபுறமும் ஆடும், முட்டியின் பின்பக்கம் வலிக்கும். அரை அரை சென்டிமீட்டராக மாற்றுவது நல்லது. சீட் தண்டில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியும் அளவுக்கு மட்டும் இழுக்காதீர்கள்.

அப்புறம் எப்படி நிற்பது? சீட்டில் இருந்தபடி அல்ல. பிரேக் பிடித்து வேகம் குறைந்ததும், கீழே இருக்கும் பெடலில் ஒரு காலை ஊன்றிச் சீட்டை விட்டு முன்னால் எழுந்து, மறுகாலைத் தரையில் வைக்க வேண்டும். இரண்டு நாள் தடுமாற்றம் இருக்கும்.

கியர் விஷயத்திலும் முட்டிதான் கணக்குப் பிள்ளை. 100 வாட் திறனில் நிமிடத்துக்கு 50 சுற்று மிதித்தால் பெடலில் சராசரியாகச் சுமார் 11 கிலோ எடைக்குரிய விசை தேவை. அதே வேகத்தில் கியரைக் குறைத்து 80 சுற்று மிதித்தால் 7 கிலோ போதும். சங்கிலி பல்சக்கரம் மாறும் கியர் என்றால் மிதிக்கும்போதுதான் விழும். அதனால் சிக்னலில் நிற்பதற்கு முன்பே குறைத்துவிடுங்கள்.